வளைவும் வாரண்டியும்: சின்னக் கார்களில் ஓட்டும் இன்பம், நம்பகம், உத்தரவாதம் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

சின்னக் கார் எது என்பதை நம் நாட்டில் வரிச் சட்டமே அளந்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்கும் டீசல் என்றால் 1,500 சிசிக்கும் மிகாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்த எல்லைக்கோடு அழியவில்லை. இக்கட்டுரையும் அந்தக் கோட்டுக்குள் நிற்கும் கார்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. அவற்றைப் புரிந்துகொள்ள உதவும் வெளிநாட்டுச் சான்றுகள் இரண்டொன்று ஊடே வரும்.

இந்தக் கோடு விலையை மட்டும் மாற்றவில்லை, ஓட்டும் இன்பத்தின் தன்மையையே மாற்றியது. மறைமலை நகரில் 1999இல் உற்பத்தியான ஃபோர்டு ஐகான் 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்தது. டர்போ கிடையாது, சிக்கலான மின்னணு கிடையாது. எஞ்சின் பெரிது, அதனால் இழுவை உண்டு, கதை முடிந்தது. அதே இழுவை இன்றைய சின்னக் காரில் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் எஞ்சினில் டர்போவைப் பொருத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. எளிய வழி வரியால் அடைபட்டது. சிக்கலான வழி திறந்து கிடக்கிறது. கார் வாங்கப் போகிறவரின் அச்சம் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

"ஓட்ட ஜாலியா இருக்கணும், ஆனா வேலை வைக்கக் கூடாது. எந்த வண்டி வாங்கலாம்?" கார் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்தால் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் இதைக் கேட்டுவிடுகிறார். இன்பமும் நம்பகமும் தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது பாதிதான் சரி. இன்பம் எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் தராசே வேறு மாதிரி தெரியும்.

2. சொல்லும் பொருளும்

நம்பகம் என்ற சொல்லை விட, "வேலை வைக்காது" என்று மெக்கானிக் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பொறியியலில் நம்பகத்தை அளக்கும் ஒரு வழி, ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடைப்பட்ட சராசரிக் காலம். வண்டிக்காரருக்கோ அது மூன்று கேள்விகள்: எத்தனை முறை பழுதாகும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் வண்டி நிற்கும். மூன்றில் முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆளைச் சாய்ப்பது இரண்டாவதும் மூன்றாவதும்.

உத்தரவாதம் என்று இங்கே எழுதுவது நாம் அன்றாடம் வாரண்டி என்று சொல்வதையே. இரு சொல்லையும் கலந்துதான் எழுதப் போகிறேன்.

3. இன்பம் எங்கிருந்து வருகிறது

3.1 மினியின் பாடம்

சின்னக் காரை ஓட்டுவது சுகம் என்பதை உலகுக்குக் காட்டிய வண்டி, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி. 848 சிசி எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். பத்து அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். சக்கரம் மூலையில் இருந்தால் வண்டி வளைவில் அதிகம் சாயாமல் திரும்பும். இவ்வளவுதான் சூத்திரம். பந்தயக் கார் கட்டுநர் ஜான் கூப்பர் கைபட்ட மினி, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் பெரிய வண்டிகளை முந்தி முதலிடம் பெற்றது.

அதே மினியின் தொடக்க கால வண்டிகளில் தரைத் தகடுகளின் இணைப்பு வழியாக மழைநீர் உள்ளே புகுந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னே இருந்ததால், சாரலில் நனைந்து எஞ்சின் நின்றுபோகும். இன்பமும் பழுதும் ஒரே வண்டியில் இருந்தன, உண்மைதான். ஆனால் ஒன்றால் மற்றது வரவில்லை. வளைவில் சுகம் தந்தது சக்கரங்களின் இடம். தண்ணீரை உள்ளே விட்டது தகடு. தகட்டைச் சரிசெய்தால் வளைவின் சுகம் குறைந்துவிடாது.

இதற்கு நேர் மறுகரையில் நிற்பது 1989இல் வந்த மஸ்டா மியாட்டா. ஒரு டன்னுக்கு உட்பட்ட எடை, 1.6 லிட்டர் எஞ்சின், டர்போ இல்லை, மேனுவல் கியர். எண்ணெய் ஒழுகும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் சுகத்தை, எண்ணெய் ஒழுகாமல் தர முடியும் என்று அது காட்டியது. 2016இல் அதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது.

3.2 இரண்டு வண்டிகள், ஒரே கணக்கு

நம் சாலைக்கு வருவோம். 2018இல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் எஞ்சின் 83 குதிரைத்திறன், வண்டியின் எடை சுமார் 870 கிலோ. 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைத்திறன், எடை சுமார் 1,100 கிலோ. வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் டன்னுக்கு 95 குதிரைத்திறன் வருகிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்று.

ஓட்டினால் ஒன்றல்ல. போலோவின் டர்போ 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலேயே தந்துவிடும். ஸ்விஃப்ட் 113 நியூட்டன் மீட்டரைத் தர 4,200 சுழற்சி வரை காத்திருக்க வேண்டும். முன்னே போகும் லாரியைத் தாண்ட ஒன்று காலை அழுத்தினால் போதும். மற்றதில் கியரை இறக்கி எஞ்சினைக் கத்தவிட வேண்டும். அந்தக் கத்தலும் ஒரு சுகம் என்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். தேசிய நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது போலோவின் கனம் "ரோட்ல ஒட்டிக்கிட்டுப் போகுது" என்ற நம்பிக்கையைத் தரும்.  

ஆக, ஸ்விஃப்ட்டின் இன்பம் குறைந்த எடையிலும் மேனுவல் கியரிலும் இருக்கிறது. இவ்விரண்டும் எளிதில் கெட்டுப்போகும் பொருள்கள் அல்ல. எடை குறைவு என்பது பழுதாகாது. போலோ ஜிடியின் இன்பம் டர்போவிலும் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸிலும் இருக்கிறது. இவை உறுப்புகள். உறுப்பு என்றால் வெப்பமும் தேய்மானமும் விலையும் உண்டு. இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் நிற்கிறது: இயல்பில் இருக்கும் இன்பம் வேறு, உறுப்பில் இருக்கும் இன்பம் வேறு. வாரண்டி அட்டையைப் புரட்ட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

4. உலர் கிளட்சின் வரலாறு

4.1 இயங்கும் முறை

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் 1, 3, 5, 7 ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச், 2, 4, 6 கியர்களுக்கு இன்னொன்று. மூன்றில் ஓடும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும் கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். இழுவை அறுபடாது. அந்த வழுக்கலான மாற்றம்தான் இதன் சுகம்.

ஃபோக்ஸ்வாகன் 2008இல் கொண்டுவந்த டிக்யூ200 என்ற வகையில் இந்த இரு கிளட்சுகளும் எண்ணெயில் நனையாதவை. உலர்ந்தவை என்பதால் இழப்பு குறைவு, மைலேஜ் கூடும். நெரிசலில்தான் சிக்கல். சென்னை கத்திப்பாராவிலிருந்து மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து வருகிறீர்கள். மேனுவல் வண்டியில் அனுபவசாலி நியூட்ரலில் போட்டுக் காத்திருப்பார், அல்லது முன்வண்டி பத்தடி நகரும்வரை அசையமாட்டார். கணினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிரேக்கிலிருந்து கால் எடுத்த உடனே அரைக் கிளட்சில் வண்டியை நகர்த்தும், நிறுத்தும், மறுபடி நகர்த்தும். ஓட்டுநர் பள்ளியில் அரைக் கிளட்சில் கால் வைத்தால் வாத்தியார் முழங்காலில் தட்டுவார். இந்தக் கணினிக்கு அப்படித் தட்ட ஆள் இல்லை.

சீனாவில் 2013 மார்ச் 15 அன்று, நுகர்வோர் நாளுக்கென ஒளிபரப்பாகும் அரசுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தக் கியர்பாக்ஸைக் கடுமையாகச் சாடியது. சில நாட்களில் 3,84,181 கார்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் இன்னொரு திரும்பப் பெறல் வந்தது. சுமார் 16 லட்சம் வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்த செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் அந்தச் செயற்கை எண்ணெய் மின்கோளாறுக்கு இடம்கொடுத்தது என்பது காரணம். வெப்பமும் ஈரமும் என்றால் எந்த ஊர் என்று சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை.

நியாயமாகச் சொன்னால், இந்த வகைக் கியர்பாக்ஸ் உலகில் ஏராளமாக ஓடுகிறது, பலருக்கு ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. ஆனால் 2020இல் போலோவுக்கு ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் வந்தபோது ஆட்டோமேட்டிக்கில் உலர் கிளட்ச் இல்லை. எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பழைய டார்க் கன்வர்ட்டர் வகையே ஆறு வேகத்தோடு வந்து உட்கார்ந்தது. அந்த மாற்றத்துக்கு நான் வேறு விளக்கவுரை எழுதப் போவதில்லை.

4.2 "நீங்க ஓட்டுற விதம் சார்"

ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்பதும் உலர் இரட்டைக் கிளட்ச்தான். ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளில் வந்தது. புறப்படும்போது உதறல் என்று ஆஸ்திரேலியாவில் புகார்கள் குவிந்தன. ஓட்டுநர் ஓட்டும் விதமே காரணம் என்று வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப்பட்டது. அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கியர்பாக்ஸ் உதறியதற்கான அபராதம் அல்ல அது. புகார்களை நடத்திய விதம் நேர்மையற்றது என்பதற்கானது.

4.3 ஒரு களக்குறிப்பு

என் சொந்த வண்டியின் கதை இது. எந்த நிறுவனம், எந்த சர்வீஸ் சென்டர் என்பது வேண்டாம்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் அந்த மலையை ஏறுவதுபோல் ஒரு சுகம் நான் கண்டதில்லை. வளைவுக்கு முன் இரண்டுக்கு இறங்கி, திரும்பி நிமிர்ந்ததும் மூன்றுக்குத் தாவும். கைக்கு வேலை இல்லை, கண்ணுக்கும் ஸ்டீயரிங்குக்கும் மட்டும்தான். இறங்கும் வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தி, குடித்துவிட்டு வந்து கிளப்பினால் திரையில் ஸ்பானர் படம். கியர் எழுத்து கண் சிமிட்டியது. ஒன்றாவது விழுந்தது. இரண்டாவது விழவே இல்லை.

டீக்கடைக்காரர் போன் போட்டு வரவழைத்த மெக்கானிக், பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், இது ஸ்பானர் புடிக்கிற வேலை இல்லீங்க. லேப்டாப்பு வெச்சிருக்கறவங்கதான் பாக்கோணும்." காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "ஒண்ணுமே பண்ணலீங்களே" என்றார்.

வண்டியைக் கட்டி இழுத்துப் போய் விட்டு ஒன்பதாவது நாள் எஸ்டிமேட் வந்தது: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சர்வீஸ் அட்வைசர் பையன் மரியாதையானவன்தான். "மலையில டிராக்டர் பின்னாடி ஸ்லோவா ஓட்டியிருக்கீங்க சார், நீங்க ஓட்டுற விதத்தால கிளட்ச் ஹீட் ஆயிருக்கும்" என்றான். டிராக்டரின் பின்னால் வேறு எப்படி ஓட்டுவது என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. ஆஸ்திரேலியத் தீர்ப்பைப் பற்றி நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

எஸ்டிமேட்டில் என்னை உறுத்தியது தொகை மட்டும் அல்ல. ஒன்பது நாளும் அது எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாமல் இருந்ததே, அதுதான். மேனுவல் வண்டியின் கிளட்ச் பிளேட் போனால் அந்த மெக்கானிக்கே சேலத்திலிருந்து சாமான் வரவழைத்து, மறுநாள் மாலைக்குள் மாட்டி, இவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே விரல்விட்டுச் சொல்லியிருப்பார்.

5. உத்தரவாதம் எதை அளக்கிறது

வாரண்டி நீண்டதென்றால் வண்டி நல்லது என்பது பொதுப் புத்தி. இதற்குப் பொருளியலில் ஆதாரமும் உண்டு. 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல வண்டிக்கும் மோசமான விலையே கிடைக்கும் என்று காட்டியது. அந்த இருட்டைக் கொஞ்சம் போக்கும் ஏற்பாடுகளில் ஒன்றாக உத்தரவாதத்தையும் அவர் குறிப்பிட்டார். இக்கோட்பாட்டுக்காக 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

சந்தையில் நடப்பதோ இவ்வளவு நேரானதல்ல. இரண்டு பத்தாண்டு உத்தரவாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மலிவுக் கார் என்று ஏளனத்துக்கு ஆளான ஹூண்டாய், 1998இல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்தாண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் அறிவித்தது. அது துணிச்சல். தரத்தைத் திருத்திவிட்டோம், நம்பாவிட்டால் இதோ எழுதித் தருகிறோம் என்ற சவால். ஃபோக்ஸ்வாகன் சீனாவில், முன்பு சொன்ன உலர் கிளட்ச் கியர்பாக்ஸுக்குப் பத்தாண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று நீட்டியது. அது புகார்களின் நெருக்குதலில் வந்தது. அட்டையில் இரண்டும் பத்துதான். ஒன்று பெருமைக்கு அடையாளம், மற்றது காயத்துக்குக் கட்டு.

இன்னும் கூர்மையான சான்று நம் நாட்டிலேயே கிடைக்கிறது. 2019 ஜூனில் டொயோட்டா கிளான்சா வந்தது. அது மாருதி பலேனோவேதான். ஒரே எஞ்சின், ஒரே உடல், கட்டியதும் சுசுகி குழுமமே. சின்னம் மட்டும் மாறியது. மாருதி தந்த வாரண்டி இரண்டு ஆண்டு அல்லது 40,000 கி.மீ.; டொயோட்டா தந்தது மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கி.மீ. ஒரே வண்டி, இரண்டு வாரண்டி. வாரண்டியின் நீளம் வண்டியின் தரத்தை அளக்கிறது என்றால் இது எப்படி முடியும்? அது நிறுவனம் எடுக்கும் வணிக முடிவு. 2024 ஜூலையில் மாருதியும் மூன்று ஆண்டு, ஒரு லட்சம் கி.மீ. என்று மாற்றிக்கொண்டபோது எந்த எஞ்சினும் ஒரே இரவில் உறுதியாகிவிடவில்லை.

கிலோமீட்டர் வரம்பை எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். வேலைக்குப் போய்வர நாளைக்கு 80 கி.மீ. ஓட்டுபவருக்கு, பழைய 40,000 கி.மீ. வாரண்டி ஐந்நூறு நாளில் முடிந்துவிடும். இரண்டு ஆண்டு என்பது அவருக்கு வெறும் அச்சு.

எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்பதையும் பாருங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, வைப்பர் ஆகியவை தேய்மானப் பொருள்கள். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்தவர்களே பொறுப்பு. எஞ்சின் கணினியை வெளியே திருத்தி வேகம் கூட்டினால் வாரண்டி போகும் (இன்பம் தேடுபவர்கள் முதலில் செய்வது இதைத்தான்). 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீர் புகுந்த எஞ்சின்களுக்கு வாரண்டி உதவவில்லை. எஞ்சின் பாதுகாப்புக் காப்பீடு தனியே எடுத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

6. நிறுவனமே போய்விட்டால்

ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சினுக்கு ஒரு காலத்தில் "நேஷனல் எஞ்சின்" என்றே பட்டப்பெயர். ஃபியட் புண்ட்டோவில் இருந்தது, டாடா வண்டிகளில் இருந்தது, 2007 முதல் ஸ்விஃப்ட்டிலும் இருந்தது. ஃபியட் என்றாலே சர்வீஸ் கிடைக்காது என்று பயந்தவர்கள் ஸ்விஃப்ட் டீசலை வாங்கினார்கள். ஃபியட்டின் எஞ்சினைத்தான் வாங்குகிறோம் என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு அது பொருட்டில்லை. மாருதி பட்டறை தாலுகா தோறும் இருந்தது. புண்ட்டோவின் ஸ்டீயரிங் உணர்வுக்கு ஈடான ஒன்றை அந்த விலையில் நான் தொட்டதில்லை. என்ன பயன்? ஒரே இரும்பு, இரண்டு பெயர்களில் இரண்டு நம்பகம். இதைவிடத் தெளிவாக, நம்பகம் வண்டிக்கு வெளியேயும் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று இங்கே உற்பத்தியை முடிப்பதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகரில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியேறியது. சர்வீஸும் உதிரிப் பாகமும் தொடரும் என்று ஃபோர்டு உறுதி சொன்னது. ஆனாலும் அறிவிப்புக்கு மறுநாளே பழைய கார் தரகர்கள் பேசும் தொனி மாறிவிட்டது. ஃபோர்டு ஃபிகோ டீசலைப் போல் காலுக்கு உடனே பதில் சொல்லும் சின்னக் கார் அன்றைக்கு வேறு இல்லை. ரீசேல் விலைக்கு அது தெரியவில்லை.

7. முடிபு

மலையும் வளைவும் பிடிக்கும், கையில் காசு அளவாக இருக்கிறது என்பவர் எடை குறைந்த, டர்போ இல்லாத, மேனுவல் கியர் வண்டியை அச்சமின்றி வாங்கலாம். அவருடைய இன்பத்துக்கு வாரண்டி தேவையே இல்லை. டர்போவின் இழுவைதான் வேண்டும் என்றால் அதையும் மேனுவல் கியரோடு எடுப்பது நலம். டர்போவைவிடக் கியர்பாக்ஸே பெரிய செலவாளி என்பது என் கணிப்பு. இரட்டைக் கிளட்ச் இல்லாமல் முடியாது என்பவரைத் தடுக்க மாட்டேன், அந்தச் சுகம் எனக்குத் தெரியும். அவர் நீட்டிப்பு வாரண்டியின் விலையையும் சேர்த்தே வண்டியின் விலை என்று எண்ண வேண்டும். அது முடியும் மாதத்துக்கு முன் வண்டியை விற்றுவிட வேண்டும். முடிந்த பிறகும் வைத்திருப்பது சூதாட்டம், அதில் நான் ஒரு முறை தோற்றவன்.

ஷோரூமுக்குப் போகும் முன் அதன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கியர்பாக்ஸ் முழுதாக மாற்ற எவ்வளவு, சாமான் வர எத்தனை நாள் என்ற இரண்டையும் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் டெஸ்ட் டிரைவுக்கு ஏறாதீர்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறகு கணக்குப் பார்க்க மனசு வராது.